தொடர்கதையும் படிப்போர் அவையும்: ‘பொன்னியின் செல்வன்’ வழி ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ் மரபில் ஒரு நூல் நூலாவது அது எழுதி முடிக்கப்பெற்ற பொழுது அன்று. அவையேறிய பொழுதே ஆகும். புலவன் அவையடக்கம் பாடி நிற்பான், அவையோர் கேட்பர், ஐயம் எழுப்புவர், குறை காண்பர், இறுதியில் ஏற்பர். காப்பியங்கள் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை இம்முறை தொடர்ந்து வந்துள்ளது. ஆகவே படிப்போர் கருத்து என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை அன்று. 1967ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ், இலக்கிய வரலாறு என்பது படிப்போரின் எதிர்பார்ப்புகளின் வரலாறும் ஆகும் என்று வாதிட்டு ஏற்புக் கோட்பாட்டிற்கு வழிவகுத்தார். அவர் கோட்பாடாக வகுத்ததை நம் முன்னோர் அரங்கேற்றம் என்னும் வழக்கமாகவே கொண்டிருந்தனர் எனலாம்.

வார இதழ்கள் தோன்றிய பின்னர் இம்மரபில் ஒரு பெரும் மாற்றம் நேர்ந்தது. பழைய அவை முடிந்த நூலைக் கேட்டது. தொடர்கதையின் அவையோ முடியாத நூலைக் கேட்கிறது. அடுத்த வாரம் என்ன நிகழும் என்பதை அறியாத நிலையிலேயே தன் கருத்தைச் சொல்லிவிடுகிறது. ஆசிரியரும் அக்கருத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். இந்நிலையில் படிப்போர் கருத்து எத்தகையது, அதற்கு ஆசிரியர் எந்த அளவிற்குச் செவிசாய்க்கலாம், யாருடைய கருத்து அச்சேறியது, யாருடைய கருத்து அச்சேறாமலே மறைந்தது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை நம் சோழநாட்டு மண்ணையே களமாகக் கொண்ட ‘பொன்னியின் செல்வன்’ வழியாக ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

போர்த்தொடர் என்னும் வகை

அரசுரிமைச் சிக்கல், படைகளின் அணிவகுப்பு, ஒற்றர் சூழ்ச்சி, கடல் கடந்த படையெடுப்பு ஆகியவற்றை வைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்படும் கதைகளுக்கு உலகெங்கும் பெருவாரியான படிப்போர் உண்டு. ஆங்கிலத்தில் சி. எஸ். ஃபாரஸ்டர் 1937 முதல் எழுதிய ஹார்ன்புளோயர் கதைகள் நெப்போலியன் காலக் கடற்போரைக் களமாகக் கொண்டவை. அந்தக் கடற்படை வீரனை முன்மாதிரியாக வைத்து, கப்பல்களை விண்கலங்களாகவும் கடலை விண்வெளியாகவும் மாற்றி, டேவிட் வெபர் என்னும் அமெரிக்கர் ஆனர் ஹாரிங்டன் என்னும் பெண் தளபதியின் கதைவரிசையை 1993இல் தொடங்கினார். ஜெர்மனியில் ‘பெரி ரோடன்’ என்னும் விண்வெளித் தொடர் 1961இல் வார வெளியீடாகத் தொடங்கி 3000 இதழ்களைக் கடந்துள்ளது; படிப்போர் கடிதங்களுக்கென்றே அதில் தனிப்பக்கம் உண்டு.

இத்தகைய நெடுந்தொடர்களைப் பற்றிப் படிப்போர் கூறும் குறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதில்லை என்பது வியப்பிற்குரியது. கதை நீள நீளப் போர் குறைந்து பேச்சு மிகுகிறது என்பர். பாத்திரங்கள் பெருகிவிட்டன, யார் எவர் என்று நினைவில் கொள்ள இயலவில்லை என்பர். விரும்பிய பாத்திரம் இறந்தால் சினங்கொள்வர். ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸ் இறந்ததாக எழுதிய பொழுது எழுந்த மனக்குறை அடங்கவே இல்லை. 1903இல் அவர் ஹோம்ஸை உயிருடன் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது.

தமிழில் போர்ப்பாடலுக்குப் பஞ்சமில்லை. புறத்திணை இலக்கியமும் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் நாம் அறிந்தவை. இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் ‘படைப்போர்’ என்னும் தனி இலக்கிய வகையையே படைத்து வளர்த்தனர். இவை இல்லங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் முறையில் வழங்கியவை. உரைநடைக் காலத்தில் அவ்விடத்தை வரலாற்றுத் தொடர்கதைகள் பிடித்தன. கருணாகரத் தொண்டைமானைத் தலைவனாக்கிச் சாண்டில்யன் ‘குமுதம்’ இதழில் எழுதிய ‘கடல் புறா’ கடற்போர்க் கதையாகவே புகழ் பெற்றது. விண்வெளிப் போர் நம் தமிழ் இதழ்களில் வேரூன்றவில்லை. ‘என் இனிய இயந்திரா’ எழுதிய சுஜாதாவும் எதிர்காலத்து அரசியலையே பேசினார். அயலார் விண்மீன்களுக்கிடையே தேடிய பேரரசையும் பெரும்படையையும் நாம் பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டிலேயே கண்டுகொண்டோம் போலும்.

பொன்னியின் செல்வன்: சில விவரங்கள்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899 - 1954) மயிலாடுதுறைப் பகுதியைச் சார்ந்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றிற்குப் பின் அவர் ‘கல்கி’ இதழில் எழுதிய பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16இல் நிறைவுற்றது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். ஏறத்தாழ 185 வாரங்கள் இக்கதை தொடர்ந்தது. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் பாத்திரங்களுக்கு முகம் தந்தன. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் கதைக்கு அடிப்படையாயின.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, திருவையாறு, கோடிக்கரை, நாகைச் சூடாமணி விகாரம் என்று கதை செல்லும் இடமெல்லாம் நாம் பேருந்தில் சென்றுவரும் இடங்களே. ஆகவே டெல்டா மாவட்டத்தார்க்கு இக்கதை வெறும் கதையாக இருந்ததில்லை.

படிப்போர் கருத்துகளும் அவற்றின் மதிப்பும்

இந்நூல் பற்றி அன்று முதல் இன்று வரை கூறப்படும் கருத்துகளை நான்காகத் தொகுத்துக் காணலாம்.

முதலாவது, முடிவு பற்றியது. கதை நிறைவுற்ற பொழுது, திடீரென்று முடித்துவிட்டீர்கள், பலருடைய பிற்கால வாழ்வைச் சொல்லவில்லை என்னும் குறை எழுந்தது. கல்கி அக்குறையைப் புறக்கணிக்கவில்லை. தம் முடிவுரையில் அதனை எடுத்துக்கொண்டு, கற்பனைக் கதையை முடிப்பது போல் வரலாற்றுக் கதையை முடித்துவிட இயலாது என்று விளக்கினார். முக்கியப் பாத்திரங்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்பதையும் கூறினார். இது கருதத்தக்கது. அவர் கதையை மாற்றவில்லை. ஆனால் படிப்போர்க்கு விடை சொல்லும் கடமை தமக்கு உண்டு என்று கருதினார். அவையின் வினாவிற்கு விடையிறுத்த பழைய புலவனின் பண்பையே இங்குக் காண்கிறோம்.

இரண்டாவது, போர் பற்றியது. நம் மாணவர் பலர் எழுப்பும் குறை இதுவே: ‘இத்தனை வீரர், இத்தனை படை, இத்தனை வாள், ஆனால் பெரும்போர் ஒன்றுகூட நேரில் காட்டப்படவில்லையே?’ உண்மைதான். வீரபாண்டியனோடு நடந்த போர் கதைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ஈழப்போரின் பெரும்பகுதி பிறர் வாய்மொழியாகவே வருகிறது. பெரிய பழுவேட்டரையரின் உடலில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் இருக்கின்றன. அவை பெறப்பட்ட களங்களை நாம் காண்பதில்லை. ஐந்தாம் பாகத்தில் தஞ்சைக் கோட்டையைத் தென்திசைப் படை சூழ்ந்து நிற்கிறது, உள்நாட்டுப் போர் இதோ மூளப்போகிறது என்று எதிர்பார்க்கிறோம், அதுவும் தவிர்க்கப்படுகிறது. இறுதியில் அருள்மொழிவர்மர் தமக்கு வரவேண்டிய முடியை வேறொருவர் தலையில் சூட்டுகிறார்.

இதனைக் குறை என்று கொள்வதா? கதையின் இறுதிப் பாகத்தின் பெயர் ‘தியாக சிகரம்’. போரை எதிர்பார்க்கச் செய்து, போர் இல்லாமற் போனதே பெருமை என்று உணரச் செய்வது ஆசிரியரின் நோக்கமாதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள், நாட்டுப் பிரிவினையின் குருதி காய்ந்து மூன்றே ஆண்டுகள் கழிந்த நிலையில் தொடங்கிய கதை இது என்பதை மறத்தலாகாது. பகைகொண்ட உறவினர் ஆயுதத்தைக் கீழே வைக்கும் காட்சியை அன்றைய படிப்போர் வேண்டாமென்று சொல்லியிருப்பரோ? போரைப் பாடிய பரணியும்கூடக் களத்தின் அவலத்தைப் பேய்களின் வாயால் சொல்லிவிட்டே போகிறது. எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது ஒரு திறம். எதிர்பார்ப்பைவிட உயர்ந்த ஒன்றைத் தருவது மற்றொரு திறம். கல்கி இரண்டாவதைத் தேர்ந்தார் என்பது என் கருத்து.

மூன்றாவது, வரலாற்று உண்மை பற்றியது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவிற்கு நூல் ஐயத்திற்கிடமற்ற விடை தரவில்லை என்று வருந்துவோர் இன்றும் உளர். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கொலையோடு தொடர்புபடுத்தி அவர்தம் சுற்றத்தாரின் உடைமை பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. அக்கொலையின் பின்னணியைக் கூறவில்லை. சாஸ்திரியார் உத்தம சோழர் மீது ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞரிடையே முடிவு காணாத ஒன்றை நாவலாசிரியர் முடித்து வைக்கவில்லை. இது குறையன்று, நேர்மை. எனினும் வேறொரு தீங்கு நேர்ந்துள்ளதை ஆசிரியர் என்ற முறையில் நான் அடிக்கடி காண்கிறேன். தேர்வுத்தாளில் நந்தினியை வரலாற்று மாந்தராகவே எழுதிவிடும் மாணவர் உண்டு. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை. குந்தவையும் வந்தியத்தேவனும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கணவன் மனைவியாகக் குறிக்கப்பெற்றவர்கள். இவ்வேறுபாட்டை அறிந்து படிப்பவரே கதையையும் வரலாற்றையும் ஒருங்கே சுவைப்பர்.

நான்காவது, இலக்கியத் தகுதி பற்றியது. க.நா. சுப்ரமண்யம் போன்ற திறனாய்வாளர் பத்திரிகைத் தொடர்கதைகளை இலக்கியமாக ஏற்கத் தயங்கினர். வாரந்தோறும் ஒரு திருப்பம் வைத்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் கதையின் கட்டுக்கோப்பைக் கெடுக்கும் என்பது அத்தரப்பினர் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயங்களாக நீண்டிருப்பதும், ஒட்டுக்கேட்டலும் தற்செயல் சந்திப்பும் மிகுந்திருப்பதும் தொடர்கதை விதித்த விலையே. ஆயினும் நீளமான கதையைப் பொறுமையோடு படிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு ஊட்டியது அத்தொடர்கதையே என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

முடிவை ஏற்காதோர் செய்தது என்ன?

படிப்போர் நிறைவடையாத இடத்தில் புதிய நூல் பிறக்கிறது என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. உமறுப் புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களால் சீறாப்புராணத்தைப் பாடினார். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையும் அதில் இடம்பெறவில்லை. அக்குறையை நிறைவு செய்யப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடினார். குறை கண்டவர் குறைகூறுவதோடு நின்றுவிடவில்லை, எழுதுகோல் எடுத்தார்.

பொன்னியின் செல்வனுக்கும் அதுவே நேர்ந்தது. தொடர் முடிந்து ஏழு திங்கள் நிறைவதற்குள், 1954 டிசம்பர் 5இல், கல்கி மறைந்தார். பின்னர் அகிலன் இராசேந்திர சோழனைப் பற்றி எழுதிய ‘வேங்கையின் மைந்தன்’ கல்கி இதழிலேயே தொடராக வந்து 1963ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். பாலகுமாரன் இராசராசனின் கோயிற்பணியை ‘உடையார்’ எனப் பெருநூலாக்கினார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு திரைப்படங்கள் வெளிவந்த பொழுது, நூலைப் படித்தோர் மணிமேகலையைக் காணோமே என்று வருந்தினர். கதையின் இறுதியில் உதிரும் மலராக நின்ற பாத்திரம் அது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற ஒரு பெண்ணுக்காகப் படிப்போர் வழக்குரைப்பதைவிட ஒரு நாவலாசிரியருக்கு வேறு பாராட்டு வேண்டுமோ?

அச்சேறாத கருத்துகள்

இதுவரை கண்டவை அச்சில் வந்த, அல்லது வகுப்பறையிலும் மேடையிலும் சொல்லப்பட்ட கருத்துகள். ஆனால் கருத்துச் சொல்லிய அனைவரும் இதழுக்குக் கடிதம் எழுதியவர்கள் அல்லர். இதனை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவது அன்று. எனினும் மாணவர்க்குப் பயன்படும் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

என் நன்னி பொன்னியின் செல்வன் தொடராக வந்த காலத்தில் புதுமணப்பெண். எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்குத்தான் ‘கல்கி’ வரும். அவ்விதழ் வீடு வீடாகக் கைமாறி எங்கள் வீட்டை வந்தடைய அடுத்த இதழே வந்துவிடும். காவிரியின் கடைமடைக்கு நீர் வந்துசேர்வது போலத்தான். படித்து முடித்தபின் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்து, பின்னர் தடித்த அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார்கள். நன்னிக்குத் தமிழ் அச்செழுத்தை மெல்லக் கூட்டிப் படிக்கத் தெரியும்; எழுதத் தெரியாது. பெண்கள் ஓதும் பள்ளியில் கற்ற அரபுத்தமிழில்தான் எழுதுவார்கள். அப்பக்கங்களின் ஓரங்களில் அரபுத்தமிழில் பென்சிலால் ஏதேதோ எழுதி வைத்திருந்தார்கள். சிறுவயதில் அதைக் கணக்குக் குறிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன்.

நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குத் தொடர்கதைகளைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்த ஆண்டு, ஒரு திருமணத்திற்காக வீட்டை ஒழித்து வெள்ளையடித்தோம். கரையான் அரித்திருந்த அந்தத் தொகுதிகளைப் பழைய தாள் கடைக்குப் போடலாம் என்று சொன்னவன் நானே. ஐந்து பாகமும் புத்தகமாகவே கிடைக்கின்றன, இது எதற்கு என்பது என் வாதம். வாசகர் கடிதங்களைத் தேடி நூலகம் நூலகமாக அலைந்துகொண்டிருந்தவன், வீட்டிலிருந்த வாசகரின் கையெழுத்தை எடைக்குப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து நன்னி கேட்டார்கள்: “கதையக் கடையில வாங்கிக்கலாம் அத்தா. நான் எழுதி வச்சத எங்க வாங்குவே?”

அதன் பின்னரே, என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்டேன். அவர்களுக்கு நினைவிலிருந்தவை சிலவே. முடியைத் துறந்த இடத்தில், பெற்ற தாயிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். பூங்குழலி தனியே படகு செலுத்தும் இடத்தில், கோடிக்கரைக் கடலை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்களாம். எங்கள் ஊரிலிருந்து கோடிக்கரை ஒரு நாளில் போய்வரும் தொலைவே. மூன்றாவது குறிப்பு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஈழக் கடற்கரையை ஒட்டிய பகுதியில், சோழர் கப்பலைக் கைப்பற்றிய அராபியர் சிலர் கதையில் வருகின்றனர். வந்தியத்தேவன் அவர்களிடம் சிக்குகிறான். அவர்கள் பேசுவது அவனுக்கு விளங்கவில்லை. “அவங்க என்ன பேசுனாங்கன்னு கதையில இல்ல. அவங்களும் கரைய விட்டு வந்தவங்கதானே. ஊருக்கு எப்பப் போவோம்னு பேசியிருப்பாங்க. அதத்தான் ஓரத்துல எழுதுனேன்” என்றார்கள்.

அக்குறிப்பை எழுதிய காலத்தில், எங்கள் தெருவின் ஆடவர் பலரைப் போலவே, என் நன்னா பிழைப்பிற்காக மலாயாவில் இருந்தார். அதனை அவர்கள் சொல்லவில்லை; நானே கணக்கிட்டு அறிந்தேன்.

இக்கருத்து எந்த இதழின் கடிதப் பகுதியிலும் வெளிவந்திராது. வெளிவருவதற்கு வழியும் இல்லை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டு, உ.வே. சாமிநாத ஐயரின் பாராட்டுரையும் பெற்றார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அவரைப் போல் அச்சேறும் வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலர். ஓரக்குறிப்போடு நின்றுவிட்டவர் எத்தனை பேரோ!

எதிர்ப்புக் கருத்தும் எழுத்தும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, இந்தக் கதையில் நம்மவரைப் போல் வருவோர் அந்த அராபியர் மட்டுமே. அவர்களும் முரடராக வருகின்றனர். இதை நாம் எப்படிப் படிப்பது?” என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. நியாயமான வினா; மழுப்பி விடையளித்தல் ஆகாது.

கதையின் போக்கில் அவர்கள் பகைவராக வருகின்றனர் என்பது உண்மை. அதே நூலில் தமிழரான ரவிதாசனும் பழுவேட்டரையரும் சம்புவரையரும் சதி செய்வோராகவே வருகின்றனர் என்பதும் உண்மை. பகைவர் என்பதால் மட்டும் ஓர் இனம் இழிவுபடுத்தப்பட்டது என்று கொள்ள இயலாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழுவேட்டரையர்க்குப் பேச வாய் இருக்கிறது, தம் செயலுக்குக் காரணம் சொல்கிறார், இறுதியில் வருந்துகிறார். அராபியர்க்குக் கதை மொழியைத் தரவில்லை. மாணவரின் மனவருத்தத்திற்கு உண்மையான காரணம் இதுவே. அன்று நான் அவருக்கு என் நன்னியின் ஓரக்குறிப்பைச் சொன்னேன். கதை விட்டுச்சென்ற மௌனத்தை அவர்கள் சினத்தால் நிரப்பவில்லை. ஒரு வாக்கியத்தால் நிரப்பினார்கள்.

எதிர்ப்புக் கருத்து வேறு வழியிலும் செல்வதுண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்துச் சுஜாதா ‘குமுதம்’ இதழில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்னும் தொடர், எதிர்ப்பு எழுந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்னும் பெயரில் வேறு வடிவில் வெளிவந்தது. புண்பட்டோரின் வருத்தத்தை நாம் எளிதாக எண்ணலாகாது. ஆயினும் கதையை நிறுத்துவதால் ஒரு மௌனம் நீங்குவதில்லை. மற்றொரு மௌனம் சேர்கிறது. சின்னச் சீறா பாடியவரின் வழியே நமக்கு ஏற்ற வழி. சோழநாட்டுத் துறைகளில் குதிரையோடும் சரக்கோடும் வந்திறங்கிய சோனகரின் கதையை எழுத வேண்டுமானால், அதை எழுதவேண்டியவர் கல்கி அல்லர். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவரே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன:

தொடர்கதையின் படிப்போர் அவை, முடியாத நூலைக் கேட்கும் அவை. அதன் கருத்து அவசரமானதாக இருக்கலாம். ஆனால் பொருளற்றது அன்று.

நல்லாசிரியர் அவையின் வினாவிற்கு விடை சொல்வார். அவை கேட்டபடியெல்லாம் கதையை வளைக்கமாட்டார். கல்கியின் முடிவுரை இதற்குச் சான்று.

படிப்போர் குறை கண்ட இடமே அடுத்த நூலின் பிறப்பிடம். சின்னச் சீறா முதல் வேங்கையின் மைந்தன் வரை இதனைக் காணலாம்.

அச்சில் வந்த கருத்துகளை மட்டும் வைத்து ஒரு நூலின் ஏற்பை அளவிடுவது, தலைமடை வயலைப் பார்த்துவிட்டு டெல்டா முழுவதும் விளைந்துவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இறுதியாக நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கூத்தாநல்லூர், இராஜகிரி, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் எனப் பல ஊர்களிலிருந்து நீங்கள் வருகிறீர்கள். உங்கள் இல்லத்துப் பரணிலும் பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதிகள் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் அவற்றை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். ஓரங்களில் எழுதப்பட்டிருப்பது தமிழாயினும் அரபுத்தமிழாயினும், பால் கணக்காகவே இருந்தாலும், எடுத்துப் படியுங்கள். எழுதியவர் உயிருடன் இருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதித் துறைக்குக் கொண்டுவாருங்கள். துறையில் அதற்கென ஓர் அலமாரி ஒதுக்கச் செய்வது என் பொறுப்பு.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் பழந்தாள் என்று எதையேனும் கடைக்கு எடுத்துச் சென்றால், ஒருமுறை தடுத்துப் பிரித்துப் பாருங்கள். நான் தேடிப் போன பொழுது அந்தக் கடையில் பொட்டலம் மடித்து முடித்திருந்தார்கள்.